காதிற் கருவியும் கையிற் சுக்கானும்

மலைநாட்டுத் தெருக்களில் வண்டி செலுத்துவோர் கண்ணை மட்டும் நம்பி ஓட்டுவதில்லை. கினிகத்தேனையிலிருந்து ஹட்டனை நோக்கி ஏறும் வளைவுகளிலும், றம்பொடையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் கொண்டை ஊசி வளைவுகளிலும் எதிரே வருவது லொறியா பஸ்ஸா என்பதைச் சாரதி முதலில் அறிவது காதினால்தான். வளைவின் மறுபுறத்தில் ஒருவன் ஹோர்ன் அடிக்கிறான். இவன் வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டுகிறான். நானுஓயாப் பக்கத்தில் மாலை மூன்று மணிக்கே மூடுபனி இறங்கிவிடும் நாட்களில் கண்ணுக்கு எட்டுவது பத்து முழம். காதுக்கு எட்டுவது அதனிலும் அதிகம். இவ்வீதிகள் பிழையைப் பொறுப்பதில்லை. 2023 ஜனவரி 20 ஆம் திகதி நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதியில் ஏழு உயிர்கள் போயின. 2025 மே 11 ஆம் திகதி றம்பொடைக்கு அருகே கெரண்டி எல்லவில் பஸ் பள்ளத்தில் பாய்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இவ்விபத்துக்களுக்குச் செவிக்குறைவு காரணமென்று நாம் கூறவில்லை. எத்தகைய வீதியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை வாசகர் மனத்திற் கொள்ளவேண்டும் என்பதற்காகவே இவற்றை நினைவூட்டினோம்.

அப்படியாயின் காது மந்தமானவன் இவ்வீதிகளில் வண்டி ஓட்டலாமா? காதிலே கருவி மாட்டியவனுக்கு அனுமதிப்பத்திரம் கொடுக்கலாமா? இக்கேள்விக்குப் பதிலாக இரண்டு குரல்கள் கேட்கின்றன. “செவிடனுக்கு எதற்கு வண்டி?” என்பது ஒரு குரல். “கருவி மாட்டியபின் குறை ஏது, அவனை ஏன் கேள்வி கேட்கிறீர்கள்?” என்பது மற்றது. முன்னது அநீதி, பின்னது அறியாமை. இரண்டையும் மறுத்தே நாம் எழுதுகிறோம்.

இது யாரோ சிலருடைய சங்கடமன்று. தேயிலைத் தொழிற்சாலைக்குள் ஒருமுறை சென்று வந்தவர்களுக்குத் தெரியும். கொழுந்தை வாட்டும் பெரிய விசிறிகள், அரைக்கும் உருளைகள், அடுப்பு, சலிக்கும் இயந்திரங்கள் யாவும் ஒரே கூரையின் கீழ் இரவு பகலாக ஓடுகின்றன. பக்கத்தில் நிற்பவனோடு பேசுவதற்குக் கத்தவேண்டும். இல்லையேல் கைச்சாடை காட்டவேண்டும். 85 டெசிபலுக்கு மேற்பட்ட இரைச்சலில் நாள்தோறும் எட்டு மணித்தியாலம் நிற்பவனின் செவி நாளடைவில் கெடும் என்பது மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட உண்மை. அவ்வாறு கெடும்போது உட்காதின் நுண்ணிய மயிரணுக்கள் சாகின்றன. செத்தவை மறுபடி முளைப்பதில்லை. முதலிற் போவது உயர்ந்த சுருதி ஒலிகள். ஆகவே அவனுக்கு லொறியின் உறுமல் கேட்கும். மனைவி சொல்லும் சொல் விளங்காது. தனக்குக் காது கேட்கிறது என்றே அவன் நம்பிக்கொண்டிருப்பான். கந்தப்பளையிலும் வெலிமடையிலும் உருளைக்கிழங்கும் கோவாவும் பயிரிடும் நம் விவசாயிகள் கைஉழவு இயந்திரத்தின் பின்னாலும், முதுகிற் கட்டிய மருந்தடிக்கும் மோட்டாரோடும் கழிக்கும் ஆண்டுகளும் இதே கணக்கிற் சேர்பவைதாம்.

இருபது, முப்பது ஆண்டு தொழிற்சாலையில் உழைத்தவன் இளைப்பாறியதும் என்ன செய்கிறான்? சேமலாப நிதிப் பணத்தில் ஒரு முச்சக்கர வண்டி வாங்குகிறான். தோட்டத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றுகிறான். பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணை நள்ளிரவில் டிக்கோயா மருத்துவமனைக்குக் கொண்டு சேர்க்கிறான். லயத்து மக்களுக்கு அவனே அம்புலன்ஸ், அவனே பஸ். அவனிடமிருந்து அனுமதிப்பத்திரத்தைப் பறிப்பது ஒரு குடும்பத்தின் சோற்றைப் பறிப்பதாகும். காது கேளாத நிலையில் அவனை ஓடவிடுவதோ பத்துக் குடும்பங்களின் பிள்ளைகளைப் பணயம் வைப்பதாகும்.

இந்த இக்கட்டிலிருந்து தப்பும் வழியாக நம்மவர் கண்டுபிடித்தது மறைத்தல். இலகுரக வாகனத்துக்கான அனுமதிப்பத்திரம் எட்டு ஆண்டுக்கு ஒருமுறையும் கனரக வாகனத்துக்கானது நான்கு ஆண்டுக்கு ஒருமுறையும் புதுப்பிக்கப்படவேண்டும். அதற்கு மருத்துவச் சான்றிதழ் வேண்டும். அந்த நாள் வரும்போது கருவி வைத்திருப்பவன் அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறான். கருவி இல்லாதவன், அதை வாங்கினால் ‘செவிடன்’ என்று பதிவாகிவிடுமோ என அஞ்சி வாங்காமலே இருந்துவிடுகிறான். மூக்குக்கண்ணாடி அணிவதைப் படித்தவனின் அடையாளம் என்று மதிக்கும் நம் சமூகம், காதுக்கருவியை மட்டும் கிழத்தனத்தின் அடையாளமாகக் கேலி செய்கிறது. நம் வீதிகளில் மிக ஆபத்தான சாரதி கருவி அணிந்தவன் அல்லன்; அதை அணியவேண்டியிருந்தும் மறைத்துத் திரிபவனே. ஒளிப்பவனை உருவாக்குவது சட்டத்தின் மீதுள்ள அச்சமாதலால், அந்த அச்சத்தை நீக்குவதும் சட்டத்தின் கடமையே.

பிற நாடுகள் செய்ததைப் பார்ப்போம். பிரித்தானியாவில் கார் ஓட்டுபவருக்குச் செவிக்குறை இருந்தால் அதை அதிகாரிகளுக்கு அறிவிக்கவேண்டிய கட்டாயமே இல்லை; பஸ், லொறி ஓட்டுவோர் மட்டும் அறிவிக்கவேண்டும். இந்தியாவில், தேசியச் செவிடர் சங்கம் தொடுத்த வழக்கில் 2011 ஆம் ஆண்டு டில்லி உயர் நீதிமன்றம், விண்ணப்பதாரர் ஓட்டும் பரீட்சையில் தேறுவாராயின் செவிக்குறையை மட்டும் காரணமாக்கி அவருக்கு அனுமதி மறுக்கலாகாது என்ற நிலைப்பாட்டை எடுத்தது. 2016 இல் இந்திய மத்திய அரசின் வீதிப் போக்குவரத்து அமைச்சும் அவ்வாறே மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. வண்டி ஓட்டுவது பெரும்பாலும் கண்ணின் தொழில் என்ற மருத்துவக் கருத்தை அது ஆதாரமாகக் கொண்டது. சமவெளிக்கு அக்கருத்து முற்றிலும் பொருந்தும். றம்பொடை வளைவுக்கு அப்படியே பொருந்துமா என்பதில் எமக்கு ஐயமுண்டு. ஆதலால் அமெரிக்கர் கைக்கொண்ட முறையே மலைநாட்டுக்கு அண்மையானது என்று எண்ணுகிறோம். அங்கே கனரக வண்டிச் சாரதி ஐந்து அடித் தூரத்திலிருந்து உரக்க முணுமுணுக்கும் சொல்லைக் கேட்கவேண்டும். ஆனால் அதைக் கருவியோடும் கேட்கலாம், கருவியின்றியும் கேட்கலாம். கருவியின் துணையால் தேறியவர் ஓட்டும் பொழுதெல்லாம் அதை அணிந்திருக்கவும் மாற்றுப் பற்றரியைக் கையில் வைத்திருக்கவும் வேண்டுமென அந்நாட்டு மருத்துவ அறிவுறுத்தல்கள் கூறி வந்துள்ளன. 2013 முதல் அந்த அளவையும் எட்டாத பலருக்குத் தனித்தனியே ஆராய்ந்து விலக்கு அளித்திருக்கிறார்கள்.

நமது நாட்டில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அதன் 23 ஆம் பிரிவு வேலைவாய்ப்பு, கல்வி, பொதுவிடங்களுக்கான அணுகல் ஆகியவற்றைப் பேசுகிறது. வண்டி ஓட்டுவதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்புறுதி செய்தது. அதன் 20 ஆம் உறுப்புரை தன்னிச்சையாக நடமாடும் உரிமையைச் சொல்கிறது. ஒப்பந்தத்தில் கையொப்பமிடுவது ஒன்று. அதை நாட்டுச் சட்டமாக்குவது வேறொன்று. எனினும் அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை யாவரும் சட்டத்தின் முன் சமம் என்கிறது; அதே உறுப்புரையின் நான்காம் பந்தி அங்கவீனமுற்றோருக்கு விசேட ஏற்பாடு செய்வதை அனுமதிக்கிறது. கண்ணாடி அணிந்து ஓட்டுக என்று ஒருவனுக்கு நிபந்தனை விதிக்கக் கூடுமாயின், கருவி அணிந்து ஓட்டுக என்று இன்னொருவனுக்கு நிபந்தனை விதிப்பதில் என்ன தடை? பார்வைக் குறைக்கு ஒரு நீதி, செவிக் குறைக்கு ஒரு நீதியா?

இங்கே மலையகத் தமிழருக்கே உரிய வேறொரு கேள்வியும் எழுகிறது. செவியைச் சோதிக்கும்போது இயந்திரத்தின் ‘பீப்’ ஒலியால் சோதித்தால் அது எம்மொழிக்கும் பொதுவானது. சொற்களைச் சொல்லிச் சோதித்தால் அவை எந்த மொழிச் சொற்கள்? பொகவந்தலாவையிலோ மஸ்கெலியாவிலோ பிறந்து வளர்ந்த முதியவரிடம் அவர் அறியாத மொழியில் முணுமுணுத்துவிட்டு, “இவருக்குக் கேட்கவில்லை” என்று எழுதினால் அது எதைப் பற்றிய சான்றிதழ்? காதைப் பற்றியதா, மொழியைப் பற்றியதா? தமிழும் அரச கரும மொழியென அரசியலமைப்பில் 1987 இல் எழுதியாயிற்று. நுவரெலியா மாவட்டத்தின் பிரதேச செயலகப் பிரிவுகள் 1999 இல் இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டும் ஆயிற்று. எழுத்திலுள்ள உரிமை மருத்துவரின் அறைக்குள்ளும் நுழையவேண்டும். செவிச் சோதனை தமிழில் நடைபெறவேண்டும், கருவியை அணிந்தபடி நடைபெறவேண்டும், முடிவு எழுத்தில் தமிழில் தரப்படவேண்டும். இம்மூன்றையும் கேட்பது சலுகை கேட்பதன்று.

அதிகாரிகளுக்குச் சொல்லவேண்டியதைச் சொன்னோம். இனி நம் சாரதிகளுக்கு. கருவி மாட்டியதும் இருபது வயதுக் காது திரும்பி வந்துவிடும் என்று எண்ணவேண்டாம். கருவி ஒலியைப் பெருக்கும். எந்த ஒலி வேண்டியது, எது வேண்டாதது என்பதை அறிவதில் அது இன்னும் குழந்தைதான். முதன்முதலாக மாட்டிய நாளில் இண்டிக்கேட்டரின் ‘டிக் டிக்’ ஓசை முதல் மழைத்துளி வரை எல்லாமே இடிபோல் விழும். மூளை அதற்குப் பழகச் சில வாரங்கள் வேண்டும். அதுவரை தோட்டப் பாதையில் ஓட்டிப் பழகுங்கள். ஹட்டன் பெருந்தெருவுக்கு உடனே போகாதீர்கள்.

காற்று கருவியின் பெரும் பகைவன். நம் நாட்டுக் காரில் சாரதி வலப்பக்கம் அமர்வதால், கண்ணாடியைத் திறந்தால் காற்று நேரே வலக் காதில் அறைகிறது. ஒலிவாங்கி அதை இரைச்சலாக்கி எதிர் வண்டியின் ஹோர்னை மூழ்கடித்துவிடும். கண்ணாடியை மூடினாலோ மலைக்குளிரில் உட்புறம் ஆவி படியும். வலக் கண்ணாடியை மூடி, இடக் கண்ணாடியை விரற்கடை திறந்து, முன்கண்ணாடிக்கு வெப்பக்காற்றை விடுவதே நாம் கண்ட சமரசம். கதவே இல்லாத முச்சக்கர வண்டிக்கு இந்த யோசனை உதவாது. அவ்வண்டிக்கு உள்ள ஒரே மருந்து வேகத்தைக் குறைப்பது. பல கருவிகள் முன்னாலிருந்து வரும் பேச்சையே தேடிப் பிடிக்கும்படி அமைக்கப்பட்டவை; வீட்டில் அது நல்லது, வண்டியில் பின்னாலிருந்து வரும் ஹோர்னை அது தணித்துவிடக் கூடும். கருவியைப் பொருத்துபவரிடம், “நான் சாரதி, எல்லாத் திசையும் கேட்கும் அமைப்பொன்றை வைத்துத் தாருங்கள்” என்று சொல்லிக் கேளுங்கள். சொல்லாதவரை அவருக்கு உங்கள் தொழில் தெரியாது.

இரு காதும் மந்தமானவர், பணமில்லை என்று ஒரு காதுக்கு மட்டும் கருவி மாட்டுவது நம்மிடையே வழக்கம். ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்பதை மூளை கணிப்பது இரு காதுகளையும் ஒப்பிட்டே. இடக் காதில் மட்டும் கருவி இருந்தால் உலகமே இடப்பக்கம் இருந்து கூப்பிடுவதுபோல் தோன்றும்; மலைப்பாதையில் அந்த இடப்பக்கம் பெரும்பாலும் பாறை அல்லது பள்ளம். அத்தகையவர் காதால் திசை அறிய முயலாமல் கண்ணாலேயே அறியட்டும்: அகன்ற பின்பார்வைக் கண்ணாடியைப் பொருத்தட்டும்.

நுவரெலியாக் குளிரில் கம்பளித் தொப்பியும் மப்ளரும் காதை மூடினால் கருவி கீச்சிடும். மோட்டார் சைக்கிள்காரர் தலைக்கவசத்தை மாட்டியபின் அது கீச்சிடுகிறதா என்று நின்ற இடத்திலேயே பார்த்துக்கொள்ளவேண்டும். கீச்சிடுகிறது என்பதற்காகக் கவசத்தைக் கழற்றுவது பைத்தியக்காரத்தனம். நமது ஈரக்காற்றும் மழையும் கருவிக்குள் வியர்க்கும். இரவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகள் இட்ட டப்பாவில் கருவியை வைக்கவேண்டும். சிறு பற்றரிகள் காற்றை உட்கொண்டு இயங்குபவை. ஒட்டிய தாளைப் பிரித்ததும் அவற்றின் ஆயுள் ஓடத் தொடங்கிவிடும். றம்பொடை ஏற்றத்தின் நடுவில் பற்றரி செத்தால் ஓடிக்கொண்டே மாற்றாமல் ஓரம் கட்டி மாற்றுங்கள். பின்னாலிருக்கும் பயணி சொல்வது விளங்கவில்லை என்று முகத்தைத் திருப்பி அவர் வாயைப் பார்ப்பது எல்லாவற்றிலும் கொடியது. இறங்கவேண்டிய இடத்தை ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். வானொலிப் பாட்டை நிறுத்துங்கள். அதைக் கேட்டுச் சினக்கும் பயணி இறங்கி நடக்கட்டும்.

இவ்வளவும் கருவி உள்ளவருக்கு. இல்லாதவருக்கு? உலக சுகாதார நிறுவனத்தின் 2021 ஆம் ஆண்டு அறிக்கையின்படி, கருவியாற் பயன்பெறக் கூடியவர்களில் 17 விழுக்காட்டினரே அதைப் பயன்படுத்துகின்றனர். தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என நிர்ணயிக்கப்பட்டதே 2024 இல், அதுவும் எத்தனையோ இழுபறிக்குப் பின். அந்தச் சம்பளத்தில் ஒரு சோடி நல்ல கருவி என்பது பல மாத உழைப்பு. காதைக் கெடுத்த இரைச்சல் தோட்டக் கம்பனியின் இரைச்சல். அதனால் வந்த இலாபமும் கம்பனியுடையதே. கருவியின் விலை மட்டும் தொழிலாளியுடையதா? தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942 முதல் நம் நாட்டில் இருக்கிறது. தொழிற்சாலைக்குள் நுழையும் ஒவ்வொருவருக்கும் காதடைப்பான், ஆண்டுக்கு ஒருமுறை செவிச் சோதனை, கெட்ட காதுக்குக் கம்பனி செலவில் கருவி என்பவை அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் சம்பளத்தோடு ஒரே மேசையில் வைக்கப்படவேண்டும். மேடைகளில் ஒருவரையொருவர் ஏசுவதில் காட்டும் ஊக்கத்தில் பாதியை நம் தொழிற்சங்கங்கள் இதிற் காட்டினாற் போதும்.

கருவி அணிந்த காரணத்தால் மட்டும் அனுமதிப்பத்திரம் மறுக்கப்பட்டவர்கள் மனம் உடைந்து வீடு திரும்பவேண்டாம். மறுப்பை எழுத்தில், தமிழில் கேட்டு வாங்குங்கள். திகதி தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரையின்படி அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யவேண்டும். முப்பதாம் நாள் மாலையில் சட்டத்தரணியின் வாசலில் வந்து நிற்காமல், முதற் கிழமையிலேயே அந்தக் கடிதத்தைக் கொண்டு வாருங்கள்.