முதலில் வடிகால், பிறகு பெயின்ட்

கோத்தகிரியில் வீட்டைப் புதுப்பிக்க மூன்று வேலை போதும் என்கிறார்கள்: சுவருக்கு வாட்டர்புரூஃப் பெயின்ட், இடுக்கில்லாத அலுமினிய ஜன்னல், முற்றம் முழுக்க இன்டர்லாக் கல். மழையை வெளியே நிறுத்தினால் ஓதம் ஒழியுமாம். இது பாதி உண்மைதான்.

ஈரம் வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. சமையலும் வெந்நீர்க் குளியலும் நம் மூச்சும் அறையை ஆவியால் நிரப்புகின்றன. இரவில் குளிர்ந்துபோன கான்கிரீட் கூரையிலும் மூலைச் சுவரிலும் அந்த ஆவி நீராகப் படிகிறது. பீரோவுக்குப் பின்னால் பூஞ்சை முளைப்பது இதனால்தான். ஜன்னலை இறுக்கி அடைத்தால் இது கூடுமே தவிரக் குறையாது. குளியலறைக்கு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தால் செலவும் குறைவு, பலனும் அதிகம்.

பெயின்ட்? அடித்தளத்திலிருந்து ஏறும் ஈரத்தை அது வெளியேற விடாது, கொப்பளித்து உரியும். சுவரை நனையாமல் காப்பவை நீண்ட இறவாணமும் ஒழுங்கான மழைநீர்க் குழாயும்.

இன்டர்லாக் கல்தான் பெரிய வினை. வடிகால் இல்லாமல் சரிவில் கல் பாவினால் தண்ணீர் வேகமெடுத்துக் கீழ் வீட்டுக்காரர் தலையில் இறங்கும். இங்கே மழை சாதாரணமானதல்ல: 2009 நவம்பரில் இதே நீலகிரியின் கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் கொட்டியது. அப்போது மாவட்டத்தில் நேர்ந்த நிலச்சரிவுகளில் 40 பேருக்கு மேல் மாண்டனர். சரிவைத் தாங்கும் தடுப்புச் சுவரிலும் நீர் கசிந்து வெளியேறத் துளை இல்லையென்றால், பின்னால் தேங்கும் நீரே சுவரைத் தள்ளும்.

பெயின்ட் வேண்டாம் என்று சொல்லவில்லை. வடிகால், கூரை, காற்றோட்டம் மூன்றும் முடிந்தபின் மிஞ்சும் பணத்தில் தாராளமாக அடியுங்கள்.