மூன்று மூன்றாக எண்ணினால் போதாது

கங்கைகொண்ட சோழபுரத்தில் நந்திப் பக்கம் நின்று விமானத்தைப் படமெடுக்க மாலை நேரம்தான் கடினமானது. கோயில் கிழக்கு பார்த்தது. 55 மீட்டர் உயர விமானத்துக்குப் பின்னால் சூரியன் இறங்கும். வானத்துக்கு எக்ஸ்போஷர் வைத்தால் கல் கருத்துவிடும்; கல்லுக்கு வைத்தால் வானம் வெளுத்துவிடும். அதனால் இரண்டு ஸ்டாப் இடைவெளியில் மூன்று படங்கள் எடுத்து எச்.டி.ஆர். ஆக்குகிறோம். அதையே டைம்லாப்ஸாக எடுத்தால், நொடிக்கு 25 ஃப்ரேம் என்ற கணக்கில், 10 நொடி வீடியோவுக்கு 250 தொகுப்புகள், 750 ரா படங்கள். இத்தனையையும் கையால் மெர்ஜ் செய்வது நடக்காத காரியம். ஸ்கிரிப்ட் கட்டாயம் வேண்டும். அது எப்படிப்பட்டது என்பதில்தான் நம்மிடையே அக்கறை போதவில்லை.

புழக்கத்தில் உள்ள பல ஸ்கிரிப்டுகள் ஃபோல்டரில் உள்ள படங்களைப் பெயர் வரிசையில் மூன்று மூன்றாக எடுத்துக்கொள்கின்றன. நடுவில் ஒரே ஒரு படம் பதிவாகாமல் போனாலும், அதற்குப் பின் வரும் ஒவ்வொரு தொகுப்பிலும் அடுத்த தொகுப்பின் படம் ஒன்று கலந்துவிடும். கேமராவின் கோப்பு எண் 9999-ஐத் தாண்டி மறுபடி 0001-இல் தொடங்கினாலும் வரிசை குலையும். ஸ்கிரிப்ட் பார்க்க வேண்டியது படத்துக்குள் பதிவான நேரத்தையும் ஷட்டர் வேகத்தையும். 10 நொடிக்கு ஒரு தொகுப்பு எடுத்தால், தொகுப்புக்குள் இருக்கும் படங்கள் ஓரிரு நொடிக்குள் அடங்கும். அடுத்த தொகுப்புக்கு முன் பெரிய இடைவெளி விழும். அந்த இடைவெளியில் பிரித்தால் தவறாது. இரண்டே படம் உள்ள தொகுப்பை ஸ்கிரிப்ட் ஒதுக்கிவைத்து, அதன் எண்ணைப் பதிவேட்டில் எழுதட்டும்.

அடுத்தது ஃப்ளிக்கர். 1997-இல் டெபெவெக், மாலிக் இருவரும் வெளியிட்ட வழியில் ஒளி அளவுகளை மீட்டெடுத்தால், பிறகு டோன்மேப்பிங் செய்தாக வேண்டும். டோன்மேப்பிங் முறைகளில் பல, படம் முழுவதன் வெளிச்சத்தைப் பார்த்து அளவை மாற்றுபவை. சூரியனை ஒரு மேகம் மறைத்தால் போதும், விமானத்தின் கல் அடுத்த ஃப்ரேமில் துள்ளும். மெர்டென்ஸ் குழு 2007-இல் தந்த எக்ஸ்போஷர் ஃப்யூஷன் அப்படி முழுப் படத்துக்கும் அளவை மாற்றுவதில்லை. அதை வைத்து இயங்கும் இலவச மென்பொருளான என்ஃப்யூஸ் டைம்லாப்ஸுக்குப் பொருத்தமானது என்பது எங்கள் கருத்து. அமைப்பு எதுவானாலும் முதல் ஃப்ரேமுக்கு வைத்ததே கடைசி ஃப்ரேமுக்கும் இருக்க வேண்டும். ஒயிட் பேலன்ஸும் அப்படியே. ட்ரைபாட் அசையாமல் எடுத்த படங்களுக்குத் தானியங்கி அலைன்மெண்ட் வேண்டாம். அது ஒவ்வொரு தொகுப்பையும் தனித்தனியாக நகர்த்தி வெட்டும். ஓடவிட்டுப் பார்த்தால் கோபுரம் நடுங்கும்.

எல்லா இடத்துக்கும் எச்.டி.ஆர். தேவையும் இல்லை. 2024-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த கரைவெட்டி ஏரியில் பறவைகள் எழும்பும்போது மூன்று எக்ஸ்போஷர் எடுத்தால் ஒரே வாத்து மூன்று இடத்தில் நிழலாகத் தெரியும். அங்கே ஒற்றை ரா படமே நல்லது.

மெர்ஜ் முடிந்ததும் மூலப் படங்களை அழித்துவிடும் வழக்கத்தை நாங்கள் கடுமையாக எதிர்க்கிறோம். அரியலூரின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் வெட்ட வெட்ட உருமாறுகின்றன. மாளிகைமேட்டு அகழாய்வுக் குழி இன்று இருக்கும் கோலத்தில் நாளை இராது. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் 18 மீட்டர் மரமும் வெயிலிலும் மழையிலும் தேய்கிறது. இந்த இடங்களில் நாம் எடுப்பது ஆவணம். மெர்ஜ் செய்த படம் ஒருவரின் தேர்வு. கேமரா பதிந்தது மூலத்தில்தான் இருக்கிறது. ஆகவே ஸ்கிரிப்டில் அழிக்கும் கட்டளையே இருக்கக் கூடாது. அது மூலத்தைத் தொடாமல் வேறொரு ஃபோல்டரில் 16 பிட் டிஃப் படமாக எழுதட்டும்.

தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் ட்ரைபாட் வைக்க முன்அனுமதி தேவை, வாங்கிக்கொண்டே செல்லுங்கள். உங்கள் ஸ்கிரிப்டை முதலில் பத்துத் தொகுப்புகளில் ஓட்டிப் பார்த்து, வேண்டுமென்றே ஒரு படத்தை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். அந்தச் சோதனையில் தேறிய ஸ்கிரிப்டை எங்களுக்கு அனுப்புங்கள். மற்றவர்களும் பயன்படுத்தும்படி இதழில் வெளியிடுகிறோம்.