ஆதரவு இல்லை என்பதும் அனுமதி இல்லை என்பதும்

 

என் சகோதரியின் மகன் கல்லூரியில் படிக்கிறான். நிக்காஹ் வீடியோக்களைத் தொகுத்துக் கொடுத்துச் சேர்த்த பணத்தில் மதர்போர்டு, பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு என ஒவ்வொன்றாக வாங்கி, தானே ஒரு கணினியை அசெம்பிள் செய்தான். பின்னர் அதில் ஆப்பிள் நிறுவனத்தின் மேக்ஓஎஸ் இயங்குதளத்தை நிறுவ முற்பட்டான். ஆப்பிள் தயாரிக்காத கணினியில் மேக்ஓஎஸ்ஸை இயங்கச் செய்வதை 'ஹேக்கின்டாஷ்' என்று அழைக்கிறார்கள். மூன்று இரவுகள் கண் விழித்தான். நான்காம் நாள் ஃபஜ்ருக்குப் பின் என்னிடம் வந்து, "மாமா, ஓடிருச்சு" என்றான். சற்றுத் தயங்கி, "இது கூடுமா மாமா?" என்றும் கேட்டான்.

"அந்தக் கம்பெனி என்னப்பா சொல்லுது?" என்றேன்.

"சப்போர்ட் இல்லைன்னு சொல்றாங்க. அவ்வளவுதான்."

அவ்வளவுதானா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. 'ஆதரவு இல்லை' என்பது ஒன்று. 'அனுமதி இல்லை' என்பது வேறொன்று. முன்னது, பழுது நேர்ந்தால் எங்களைத் தேடி வராதீர்கள் என்னும் அறிவிப்பு. பின்னது, இதைச் செய்யாதீர்கள் என்னும் நிபந்தனை. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் நம் பிள்ளைகள் மட்டுமன்றி நாமும் தடுமாறுகிறோம்.

எடுத்துக்காட்டாக, 2021 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதி கணினியில் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. ஆயினும், அதன் தேவைகளை முழுமையாக நிறைவு செய்யாத கணினிகளிலும் அதை ஏற்றுவதற்கான ஒரு வழியை மைக்ரோசாஃப்ட் அப்போது தானே வெளியிட்டது. அத்தகைய கணினிகளுக்குப் புதுப்பிப்புகள் வரும் என்று உறுதியளிக்க முடியாது என எச்சரிக்கவும் செய்தது. முறையான உரிமம் உள்ள ஒருவர் அவ்வழியில் சென்றிருந்தால், நட்டத்தைத் தாம் ஏற்றுக்கொண்டார். எவருக்கும் கொடுத்த வாக்கை மீறவில்லை. ஆதரவு இல்லை என்பதன் பொருள் இதுதான்.

மேக்ஓஎஸ்ஸின் நிலை இதுவன்று. அதை நிறுவும்போது திரையில் ஓர் உரிம ஒப்பந்தம் தோன்றும். ஆப்பிள் முத்திரை கொண்ட கணினியில் மட்டுமே இதை நிறுவலாம் என்ற நிபந்தனை அதில் உண்டு. 'ஏற்கிறேன்' என்னும் பொத்தானை அழுத்தினால்தான் அடுத்த திரை வரும். என் மருமகனும் அழுத்தினான். அந்நேரம் அவன் முன் இருந்தது ஆப்பிள் முத்திரை இல்லாத கணினி. ஏற்றுக்கொண்ட அந்த நொடியிலேயே அவன் மீறிவிட்டான்.

இது எப்படி இயங்குகிறது என்பதை அவனிடமே கேட்டு அறிந்தேன். ஆப்பிள் நிறுவனம் 2006ஆம் ஆண்டு முதல் தன் கணினிகளில் இன்டெல் பிராசஸர்களைப் பொருத்தத் தொடங்கியது. மற்றக் கணினிகளில் உள்ள அதே வகைப் பிராசஸர் என்பதால் இந்த முயற்சிக்கு வழி பிறந்தது. ஆனால் மேக் கணினிகளில் எஸ்எம்சி என்றொரு சில்லு இருக்கிறது. இயங்குதளத்தின் சில பகுதிகள் மறைகுறியாக்கப்பட்டு, அச்சில்லிடம் உள்ள குறிப்பைக் கொண்டே திறக்கப்பட்டன. அப்பணியைச் செய்யும் கோப்புக்கு ஆப்பிள் இட்ட பெயர் 'டோன்ட் ஸ்டீல் மேக் ஓஎஸ் எக்ஸ்'. திருடாதே என்பதையே பெயராக வைத்திருக்கிறார்கள்!

ஹேக்கின்டாஷ் செய்பவர்கள் ஓப்பன்கோர் என்னும் மென்பொருளைக் கொண்டு கணினியைத் தொடங்குகிறார்கள். இல்லாத எஸ்எம்சி சில்லு இருப்பது போல ஒரு துணை நிரல் நடிக்கிறது. அதன்பின் கணினிக்கு ஓர் அடையாளம் கொடுக்கப்படுகிறது: இது ஐமேக், இதன் மாடல் இன்னது, வரிசை எண் இன்னது என்று. அவ்வரிசை எண்ணை ஒரு கருவி புனைந்து தருகிறது. ஆப்பிளின் செய்திச் சேவை முதலியவற்றில் நுழையும்போது அந்தப் புனைந்த எண்ணே அந்நிறுவனத்திடம் காட்டப்படுகிறது.

இதைக் கேட்டதும் என் மனத்தில் இருந்த ஐயம் நீங்கியது. பாகங்களைப் பூட்டிய திறமையில் குறை இல்லை, அது பாராட்டத்தக்கது. கோப்புகளைத் திருத்தி, பிழைகளைத் தேடி அவன் கற்ற கல்வியும் வீணன்று. ஆனால் இந்த வேலையின் அடித்தளத்தில் ஒரு பொய்யான சொல் இருக்கிறது. அதைச் சொல்வது இயந்திரமானாலும், சொல்ல வைப்பவன் மனிதன்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களும் உண்டு. அவற்றை அலட்சியப்படுத்துவது நியாயமன்று. முதலாவது: 2013 முதல் அந்த இயங்குதளம் இலவசமாகவே தரப்படுகிறதே, யாருக்கு நட்டம்? இலவசம் என்பது விலையைக் குறிக்கும், நிபந்தனையை நீக்காது. ஒருவர் தம் தோட்டத்து மாங்காயை, 'இங்கேயே உண்ணுங்கள், எடுத்துச் செல்லாதீர்கள்' என்று இலவசமாகத் தந்தால், பையில் நிரப்பிக்கொண்டு வருவது கூடுமா?

இரண்டாவது: ஒப்பந்தம் ஒருதலைப்பட்சமானது; பெரும் நிறுவனம் எழுதியதை நாம் மாற்ற முடியாதே? உண்மைதான். ஆனால் நிபந்தனை பிடிக்காதவர் ஏற்காமல் விலகிக்கொள்ளும் வழி திறந்தே இருக்கிறது. ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு ஹுதைபிய்யாவில் எழுதப்பட்ட உடன்படிக்கை நபித்தோழர்கள் பலருக்குப் பாரமாகவே தோன்றியது. அது எழுதப்பட்டுக்கொண்டிருந்த வேளையிலேயே விலங்குடன் தப்பி வந்த அபூ ஜந்தல் (ரலி) அவர்களை, ஒப்புக்கொண்ட நிபந்தனைக்காக நபி (ஸல்) அவர்கள் திருப்பி அனுப்பினார்கள். அந்த முன்மாதிரியை ஓதிக்கொடுக்கும் நாம், ஒரு வீடியோ மென்பொருளுக்காக வாக்கை இலேசாக்கலாமா? ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்னும் கட்டளையுடன்தான் அல்மாயிதா அத்தியாயம் தொடங்குகிறது. அந்தக் கட்டளை சிறியவர் எழுதிய ஒப்பந்தத்துக்கு மட்டும் உரியதன்று.

மூன்றாவது: நாங்கள் விற்கவில்லையே, சொந்த உபயோகம்தானே? அமெரிக்காவின் ஃபுளோரிடாவைச் சேர்ந்த சைஸ்டார் என்ற நிறுவனம் 2008இல் இத்தகைய கணினிகளை விற்கத் தொடங்கி, ஆப்பிள் தொடுத்த வழக்கில் 2009இல் தோற்றது. 2011இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. விற்பனையும் சொந்த உபயோகமும் ஒரே அளவுடையவை அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனினும் அளவு குறைவதால் வாக்கு மீறல் வாக்குப் பேணலாக மாறிவிடாது.

நான் சொல்வது ஃபத்வா அன்று. ஓர் ஆசிரியனின் கருத்து. மார்க்கத் தீர்ப்பு வேண்டுவோர் உங்கள் ஊர் ஆலிம்களிடம், நிபந்தனை இன்னது என்று தெளிவாக விளக்கிக் கேளுங்கள்.

இவற்றையெல்லாம் பொறுமையாகக் கேட்ட என் மருமகன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "நம்ம மதரஸா ஆபீஸ் கம்ப்யூட்டர்ல இருக்குற விண்டோஸுக்கு லைசன்ஸ் இருக்கா மாமா?"

நான் வாயடைத்துப் போனேன். கணினி வாங்கியபோது கடைக்காரர் 'எல்லாம் போட்டுத் தந்திருக்கிறேன்' என்றார். நாங்களும் ஜஸாக்கல்லாஹ் சொல்லிப் பெற்றுக்கொண்டோம். அது உரிமம் பெற்றதா என்று எவரும் விசாரிக்கவில்லை. அதில்தான் ஹதீஸ் பாடக் குறிப்புகளைத் தட்டச்சு செய்தேன். அவன் தன் செயல் கூடுமா என்று வந்து கேட்டான். நானோ பல ஆண்டுகளாக அக்கேள்வியைக் கேட்கவே இல்லை. எங்கள் இருவரில் பேணுதல் மிக்கவன் எவன் என்பதை வாசகர்களே முடிவு செய்யுங்கள்.

அடுத்த வாரம் இருவரும் சேர்ந்து இரு கணினிகளிலும் லினக்ஸ் நிறுவினோம். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய இந்த லினக்ஸை எவரும் எந்தக் கணினியிலும் நிறுவலாம், பிரதி எடுக்கலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்று அதன் உரிமமே அனுமதிக்கிறது. இங்கும் ஆதரவு இல்லாத பாகங்கள் உண்டு; மதரஸாவின் பிரிண்டரை இயக்க எங்களுக்கு இரண்டு நாட்கள் பிடித்தன. பழைய எழுத்துருவில் இருந்த தமிழ்க் கடிதங்களை யுனிகோடுக்கு மாற்ற வேண்டியிருந்தது. மருமகனுக்கோ, அவன் விரும்பிய ஃபைனல் கட் புரோ கிடைக்கவில்லை. அது ஆப்பிள் சாதனங்களில் மட்டுமே ஓடும். கேடென்லைவ் என்னும் இலவச மென்பொருளைப் பழகிக்கொண்டிருக்கிறான். முன்பைவிட வேலை தாமதமாகிறது என்று வருந்துகிறான். அந்த வருத்தம் உண்மையானது. அதை நான் மறுக்கவில்லை.

2020 முதல் ஆப்பிள் தன் சொந்தப் பிராசஸர்களுக்கு மாறிவிட்டது. 2025இல் வந்த மேக்ஓஎஸ் டஹோதான் இன்டெல் கணினிகளுக்கான கடைசிப் பதிப்பு என்றும் அறிவித்துவிட்டது. ஆகவே, ஹேக்கின்டாஷ் வழி நாளடைவில் தானாகவே அடைபடும். ஆனால் வழி அடைபட்டதால் விடுவது வேறு, அல்லாஹ்வுக்கு அஞ்சி விடுவது வேறு.

பெற்றோர்களே! பிள்ளைகள் கணினி முன் கண் விழிக்கும்போது, கண்டிப்பதற்கு முன் அருகில் அமர்ந்து என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். 'ஏற்கிறேன்' என்னும் பொத்தானுக்கு மேல் எழுதியிருப்பதைச் சேர்ந்து படியுங்கள். அப்படியே உங்கள் வீட்டிலும் கடையிலும் பள்ளிவாசல் அலுவலகத்திலும் உள்ள கணினிகளையும் ஒரு முறை பாருங்கள். வாக்கைப் பேணுவோராக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.