கோழிக்குக்கூட எட்டு மணி நேரம் இருட்டு

தூங்கினவன் கன்று கடாக்கன்று. எங்கள் பக்கத்தில் படிக்கிற பிள்ளைகளை எழுப்புவதற்கென்றே வைத்திருக்கும் பழமொழி இது. ஒரே ராத்திரியில் இரண்டு பேருடைய எருமைகள் ஈன்றால், விழித்திருந்தவன் கிடாரிக் கன்றைத் தன் எருமையிடம் விட்டுக்கொண்டு, கடாவைத் தூங்கினவன் பக்கம் தள்ளிவிடுவானாம். நாமக்கல் மாவட்டத்து விடுதிப் பள்ளி ஒன்றில் பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டு வருடமும் விடியற்காலை நாலரை மணிக்கு வார்டன் வாயிலிருந்து இதைக் கேட்டுத்தான் எழுந்தேன். ராத்திரி பதினொன்றரைக்கு விளக்கணைப்பார்கள். நடுவில் மிஞ்சியது ஐந்து மணி நேரம். ஸ்டடி ஹாலில் கண் செருகினால் எழுந்து நின்று படிக்க வேண்டும். நின்றபடியே தூங்கி, டெஸ்க் முனையில் நெற்றியை இடித்துக்கொண்ட பையன் ஒருவன் எங்கள் வகுப்பில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்த அம்மாவிடம் அவன் அழுதான். "தூங்கறதுக்கா கண்ணு இவ்வளவு பணங் கட்டிச் சேத்திவுட்டுருக்கறோம்?" என்றார் அந்த அம்மா. பாசம் இல்லாமல் சொன்னதில்லை. தூக்கத்தை விட்டவனுக்குத்தான் டாக்டர் சீட்டு என்று ஊரே நம்பியது, அவரும் நம்பினார்.

அந்த நம்பிக்கை பொய். அதில் பாதியாவது உண்மை இருக்கும் என்றுகூட நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

தேர்வுகள் எத்தனை முறை மாறியும் இந்த நம்பிக்கைக்கு ஒன்றும் ஆகவில்லை. 2007-லிருந்து நுழைவுத் தேர்வு இல்லாமல் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே மருத்துவ இடம் கிடைத்தது. அந்தப் பத்து வருடமும் ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு விடுதிகளுக்கு மாநிலத்தின் எல்லா மூலையிலிருந்தும் டிரங்குப் பெட்டிகள் வந்து இறங்கின. 2017-ல் நீட் வந்தது. அதே வருடம் மாநில ரேங்க் அறிவிப்பதையும் அரசு நிறுத்தியது. புத்தகம் மாறியது, கேள்வித்தாள் மாறியது. நாலரை மணி மட்டும் மாறவே இல்லை. இப்போது பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு வருடக்கணக்கில் திரும்ப எழுதும் ரிப்பீட்டர் பிள்ளைகளும் அதே மணிக்குத்தான் எழுகிறார்கள்.

தூக்கம் கெட்டால் என்ன ஆகும் என்று எங்கள் ஊருக்குத் தெரியாது என்றால் ஒப்புக்கொள்ளலாம். ஆனால் இந்தியாவில் இதை நாமக்கல்காரனைவிட நன்றாக அறிந்தவன் யார்? லாரிக்குப் பாடி கட்டுகிற ஊர் இது. என் அப்பா முப்பது வருடம் லாரி ஓட்டினார். வடக்கே லோடு இறக்கிவிட்டு அவர் வீடு திரும்பும் நாளில் அம்மா ரேடியோவை நிறுத்திவிடுவார். எங்களைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார். விடியற்காலை இரண்டரைக்கும் நாலரைக்கும் நடுவே ஸ்டியரிங்கைப் பிடித்தவன் கடவுளை நம்பித்தான் பிடிக்க வேண்டும் என்பார் அப்பா. தொப்பூர் கணவாயில் உருண்டு கிடந்த வண்டிகளின் கதை அவரிடம் ஒன்றிரண்டல்ல. 1961-ம் வருட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் டிரைவருக்கு ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை என்று வரம்பு கட்டியது. நடைமுறையில் அந்தச் சட்டம் பட்ட பாடு வேறு. ஆனாலும் தூங்காத டிரைவரைத் திறமைசாலி என்று எந்த லாரி முதலாளியும் மெச்சிக்கொள்வதில்லை. தூக்கம் வந்தால் ஓரங்கட்டு என்றுதான் போனில் சொல்கிறார். அதே மனிதர் விடுதிக்கு போன் போட்டு, பையன் தூங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறார்.

கோழிப்பண்ணையும் இதையே சொல்கிறது. முட்டையிடும் கோழிக்குப் பதினாறு மணி நேர வெளிச்சம் வேண்டும், அதற்காக லைட் போடுகிறோம். மீதி எட்டு மணி நேரம் இருட்டு. முட்டை கூடட்டும் என்று இருபது மணி நேரம் லைட் எரியவிடும் பண்ணைக்காரரை இந்த மாவட்டத்தில் காட்டுங்கள். கோழியின் உடம்புக்கு ஒரு கணக்கு இருப்பது அவருக்குத் தெரியும். அவருடைய மகளுக்கு மட்டும் ஐந்து மணி நேர இருட்டு போதும் என்கிறார்.

படித்தது மண்டையில் ஏற வேண்டும் என்பதற்காகத்தானே தூக்கத்தைப் பிடுங்குகிறோம்? 1924-ல் அமெரிக்காவில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவர், பொருளில்லாத எழுத்துக்கூட்டங்களை மாணவர்களுக்கு மனப்பாடம் செய்யக் கொடுத்தார்கள். படித்துவிட்டுத் தூங்கியபோது நினைவில் நின்றது, அதே அளவு நேரம் விழித்திருந்தபோது நின்றதைவிட அதிகம். அதற்குப் பிறகு நூறு வருடமாக நடந்த ஆய்வுகள் காரணத்தையும் விளக்கிவிட்டன. பகலில் படித்ததை மூளையின் ஹிப்போகாம்பஸ் தற்காலிகமாகப் பிடித்து வைக்கிறது. ஆழ்ந்த தூக்கத்தில்தான் அது பெருமூளைப் புறணிக்குப் போய் நிலைக்கிறது. கனவுத் தூக்கம் பெரும்பகுதியும் விடியற்காலையில் வருகிறது, அதாவது வார்டன் மணியடிக்கும் நேரத்தில். அது மட்டுமில்லை. பதின்வயதில் உடம்பின் கடிகாரமே பின்தள்ளிப் போகிறது. ராத்திரி தூக்கம் வரத் தாமதமாவதும் காலையில் எழ முடியாததும் அந்த வயதின் இயல்பு. அதற்குச் சோம்பேறி என்று பெயர் வைத்தது நாம்தான். 13 முதல் 18 வயது வரை எட்டிலிருந்து பத்து மணி நேரம் தூங்க வேண்டும் என்பது தூக்க மருத்துவர்களின் கணக்கு. ஆக, படிக்க வைத்துவிட்டுப் படித்தது பதியும் நேரத்தை வெட்டி எறிகிறோம். நாற்று நட்டுவிட்டு அன்றைக்கே மடையை அடைக்கும் வேலை இது.

சீட்டு கிடைத்ததும் இந்தக் கொடுமை முடிகிறதா என்றால், இல்லை. சேலத்தில் மோகன் குமாரமங்கலம் பெயரில் 1986-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. நாமக்கல்லுக்கு 2022 ஜனவரியில், மாநிலத்தில் ஒரே நாளில் திறந்த 11 கல்லூரிகளில் ஒன்றாக வந்தது. எங்கே போனாலும் பிள்ளைகள் விடுதிப் பழக்கத்தையும் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போகிறார்கள். வேறு ஊரில் மருத்துவம் படிக்கும் என் அக்கா மகள் முதல் வருடம் முடித்து வீட்டுக்கு வந்தபோது, "மாமா, இப்ப நேரம் இருந்தாலும் தூக்கம் வரமாட்டேங்குது" என்றாள். கண்ணை மூடினால் விவா, மூடாவிட்டால் ரெக்கார்டு. மனஉளைச்சல் தூக்கத்தைக் கெடுக்கிறது, கெட்ட தூக்கம் மறுநாள் மனஉளைச்சலைக் கூட்டுகிறது. படுத்திருந்த நேரத்தை மட்டும் எண்ணினால் இது பிடிபடாது. அதனால்தான் 1989-ல் வந்த பிட்ஸ்பர்க் அளவீடு, தூக்கம் பிடிக்க எத்தனை நேரம் ஆகிறது, நடுவில் எத்தனை முறை விழிப்பு வருகிறது, பகலில் கண் சொருகுகிறதா என்றெல்லாம் கேட்கிறது. 21-க்கு 5 புள்ளியைத் தாண்டினால் தூக்கம் கெட்டுவிட்டது என்று பொருள்.

தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024-ல் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். அதற்கான கணக்கெடுப்பில் 25,590 இளநிலை மாணவர்கள் பதில் எழுதினார்கள். மனநலக் குறைபாடு இருப்பதாகச் சொன்னவர்கள் 27.8 சதவீதம். தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொன்னவர்கள் 16.2 சதவீதம். ஆறு பேருக்கு ஒருவர். நம் வீட்டில் ஸ்வீட் கொடுத்து அனுப்பி வைத்த பிள்ளைகள்.

சீனியர் டாக்டர்கள் சொல்லும் வாதம் ஒன்று உண்டு. "நாங்க முப்பத்தாறு மணி நேரம் டியூட்டி பார்த்துதான் வந்தோம், அதுதான் பயிற்சி." அவர்கள் உழைப்பை நான் மதிக்கிறேன். வாதத்தை மதிக்கவில்லை. ஆஸ்பத்திரியிலேயே தங்கி இரவு பகலாக வேலை பார்க்கும் முறையை அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் அறுவை சிகிச்சைக்குக் கொண்டுவந்தவர் வில்லியம் ஹால்ஸ்டெட். அவர் கொகெய்னுக்கும் பிறகு மார்பினுக்கும் அடிமையாகிப் போராடியவர். உலகமே பின்பற்றும் வழக்கத்தைத் தொடங்கியவரின் உடல்நிலை இதுதான். 1997-ல் டாசனும் ரீடும் செய்த ஆய்வின்படி, 24 மணி நேரம் தூங்காதவரின் கண்ணும் கையும் ஒத்திசைந்து இயங்கும் திறன், 100 மில்லி ரத்தத்தில் சுமார் 100 மில்லிகிராம் மது உள்ளவருடையதைப் போலக் குறைகிறது. நம் சாலையில் 30 மில்லிகிராமைத் தாண்டினால் வழக்கு. பாஸ்டனில் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்து 2004-ல் வெளிவந்த ஆய்வில், நீண்ட டியூட்டி முறையில் பயிற்சி மருத்துவர்கள் செய்த கடுமையான தவறுகள், டியூட்டியைக் குறைத்தபோது செய்ததைவிட 36 சதவீதம் அதிகம். அந்த ராத்திரியில் கட்டிலில் படுத்திருப்பது நம் அம்மாவாகவும் இருக்கலாம்.

வேறொரு வாதம் நேர்மையானது. ஆள் பற்றாக்குறை. அரசு ஆஸ்பத்திரி காசுவாலிட்டி வாசலில் நின்று பார்த்தவர் இதை மறுக்க முடியாது. அப்படியானால் ஆள் இல்லை என்று சொல்லுங்கள், ஆள் போடுங்கள். பற்றாக்குறைக்குத் தியாகம் என்று பெயர் சூட்டி அதைப் பிள்ளைகளின் தலையில் கட்டாதீர்கள். அதே பணிக்குழு ஏழெட்டு மணி நேரத் தூக்கமும் வாரம் ஒரு நாள் விடுமுறையும் வேண்டும் என்றது. முதுநிலை மாணவர்களுக்கு வாரம் 74 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்றும் சொன்னது. 74 என்பதே கொடுமைதான். அதுகூடக் கிடைக்காத வார்டுகள் இருக்கின்றன.

அரசு செய்ய வேண்டியது அது. நம் கையிலேயே இருப்பது ஒன்றும் உண்டு. ஜூன் மாதம் பிள்ளையைச் சேர்க்கப் போகும்போது பாஸ் சதவீதம் கேட்கிறோம், மெஸ் சாப்பாடு கேட்கிறோம், ஏ.சி. ரூம் உண்டா என்று கேட்கிறோம். ராத்திரி எத்தனை மணிக்கு விளக்கணைப்பீர்கள், காலையில் எத்தனை மணிக்கு எழுப்புவீர்கள் என்று கேளுங்கள். நடுவில் எட்டு மணி நேரம் இல்லையென்றால், பெட்டியை வண்டியிலிருந்து இறக்காமல் வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.