ஏட்டுக் குடும்பமும் எழுத்துப் பிழையும்

'எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான். படித்தவன் பாட்டைக் கெடுத்தான்' என்பது முன்னோர் மொழி. பழஞ்சுவடிகளைக் கணினியிடம் ஒப்புவித்து அவற்றின் குடும்ப மரத்தை வரையப் புகும் நம் மாணவர் இம்மொழியை மறத்தலாகாது.

வற்றாப்பளையில் உறையும் கண்ணகை அம்மனின் கதையையே எடுத்துக்கொள்வோம். அது வன்னியிற் சிலம்பு கூறல் எனவும், யாழ்ப்பாணத்திற் கோவலனார் கதை எனவும், மட்டக்களப்பிற் கண்ணகி வழக்குரை எனவும் வழங்குவது. இதன் ஏடுகளைப் படிநிலைக் கொத்தாக்க முறையால் ஆராயின், மிக ஒத்த இரண்டு முதலிற் சேரும். பின்னர்க் கூட்டமும் கூட்டமும் கூடி, ஈற்றில் யாவும் ஒரு மரமாகும்.

இங்கு வரும் இடர் யாது? ஏட்டிற் பெரும்பாலும் புள்ளி இராது. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபாடின்றி நிற்கும். காலும் ரகரமும் மயங்கும். இவை எழுத்து வழக்கின் விளைவேயன்றி உறவின் அடையாளமல்ல. பெயர்த்தெழுதியோர் இவற்றை வெவ்வேறாகப் படித்திருப்பின், கணினி அவ்வேறுபாட்டையும் பாடபேதமெனவே எண்ணும். செல்லரித்த இடத்தையும் அவ்வாறே கொள்ளும்.

இணைக்கும் வகைகளுள், மிக நெருங்கிய ஓரிணையை மட்டும் நோக்குவது பெரிதும் ஏமாறும். இரு மூலங்களைப் பார்த்தெழுதிய ஒரு கலப்பேடு, வெவ்வேறான இரு குடும்பங்களைச் சங்கிலிபோற் பிணைத்துவிடும். மிகத் தொலைவான இணையை நோக்கும் வகையில், சிதைந்த ஓர் ஏடு தன் கூட்டத்தையே உறவினின்றும் விலக்கிவிடும். எல்லா இணைகளின் சராசரியை நோக்குவது இவ்விரண்டினும் ஓரளவு நன்று. எனினும் மூன்றற்கும் பொதுக்குற்றம் ஒன்றுண்டு: முதலிற் சேர்த்ததைப் பின்னர்ப் பிரிக்க அவை அறியா. அடியில் நேர்ந்த பிழை முடிவரை ஏறும்.

ஆகவே, எழுத்து மயக்கங்களை முன்னரே களைக; சிதைந்த இடத்தைச் சிதைந்ததெனவே குறிக்க; சில அடிகளை மாற்றி மாற்றி நீக்கி மரத்தை மீண்டும் மீண்டும் வரைக. ஒவ்வொரு முறையும் நிலைத்துநிற்கும் கிளையையே நம்புக. நிலையாத ஏட்டைத் தனியே வைக்க. கணினி இல்லாக் காலத்தில், 1887இற் சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், தம் பதிப்புகளிற் பிரதிபேதங்களையும் காட்டிச் சென்றார். ஐயத்தை மறையாமையே பதிப்பறம்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சுவடிகளும் எரிந்தன. 2009இல் முடிந்த போரில் நாம் வீடுகளில் விட்டுவந்த ஏடுகள் எத்துணை! எஞ்சியவை சிலவே, அவையும் பழுதுற்றவை. பழைய மாணவர்காள், உங்கள் இல்லங்களில் ஏடு இருப்பின், சிதைந்த இதழையும் எறியாது படம் எடுத்து வையுங்கள். பிழையுள்ள ஏடு மன்னிக்கத்தக்கது. பிழையறியாத முடிவு மன்னிக்கத்தக்கதன்று.