கேட்லாக் சேர்ப்பது வெட்டி வேலையா?

"ஏலத்துல பொருளை வாங்கினா சரி. ஏல கேட்லாக்கை வாங்கி வச்சுக்கிட்டு என்னய்யா பண்றது?"

பழைய சினிமா நட்சத்திரங்களின் பொருட்கள் ஏலத்துக்கு வரும்போது அச்சடிக்கிற கேட்லாக்குகளைச் சேர்ப்பவர்கள் எல்லாரும் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார்கள். கல்யாணத்துக்குப் போகாதவன் பத்திரிகையைப் பத்திரமா வச்சிருக்கிற மாதிரி என்று நக்கல் வேறு. சரி, கல்யாணச் சாப்பாடு அன்றைக்கே ஜீரணம் ஆகிவிடும். ஐம்பது வருஷம் கழித்து தேதி, ஊர், தாத்தா பேர் எல்லாம் சொல்லப்போவது அந்தப் பத்திரிகைதானே?

1962-இல் கென்னடியின் பிறந்தநாள் விழாவில் மர்லின் மன்றோ பாடினாரே, அப்போது போட்டிருந்த உடை 1999-இல் கிறிஸ்டிஸ் ஏலத்தில் சுமார் 12.6 லட்சம் டாலருக்குப் போனது. அதே உடை 2016-இல் ஜூலியன்ஸ் ஏலத்தில் 48 லட்சம் டாலர். 2022-இல் கிம் கர்தாஷியன் அதைப் போட்டுக்கொண்டு வந்ததும், உடை சேதமாகிவிட்டது, இல்லை ஆகவில்லை என்று பெரிய சண்டை. ஆளாளுக்குப் பழைய படங்களைத் தேடி எடுத்துத்தான் வாதாடினார்கள். பொருள் பணக்காரன் பீரோவுக்குள் போய்விடும். அது எப்படி இருந்தது, யாரிடம் இருந்தது, என்ன விலை போகும் என்று மதிப்பிட்டார்கள் என்பதற்கு வெளியில் இருக்கிற சாட்சி கேட்லாக்தான். அது ரசிகன் அடிக்கும் விசில் இல்லை, கணக்குப் புத்தகம்.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றுவதில் நம்மை அடிக்க ஆளில்லை. ஆனால் முதல் தமிழ் பேசும் படமான 'காளிதாஸ்' (1931) பிரதி இன்றைக்கு இல்லை. அதைப் பற்றித் தெரிவதெல்லாம் அன்றைய விளம்பரம், விமர்சனம் மாதிரியான காகிதங்களின் புண்ணியம். பாட்டுப் புத்தகங்களையும் நோட்டீஸ்களையும் கிலோ கணக்கில் பழைய பேப்பர் கடையில் போட்டவர்கள் போக, சேர்த்து வைத்த ஒரு சிலரால்தான் தமிழ் சினிமாவுக்கு வரலாறு என்று ஒன்று இருக்கிறது.

அந்த ஒரு சிலரில் முதல் ஆள் ஃபிலிம் நியூஸ் ஆனந்தன். வாழ்நாள் முழுக்க அவர் சேர்த்த படங்களையும் தகவல்களையும் 2002-இல் தமிழக அரசு 10 லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கியது. நல்ல காரியம். ஆனால் 2016-இல் அவர் இறக்கும் வரை அது மக்கள் போய்ப் பார்க்கிற நிரந்தரக் கண்காட்சியாக ஆகவில்லை. காமர்ஸ் படிக்கிற நண்பர்களுக்கு ஒரு சின்னக் கேள்வி: ஸ்டாக் லிஸ்ட் வெளியிடாத சரக்கில் நாளைக்கு நாலு அயிட்டம் குறைந்தால் யாருக்குத் தெரியும்? போட்டது மக்கள் பணம், ஞாபகம் இருக்கட்டும்.

பணம் இல்லை, ஆள் இல்லை என்று சாக்கு சொல்பவர்கள் தரமணி வரை போய் வரலாம். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த சுமார் ஒரு லட்சம் நூல்களும் காகிதங்களும் அவர் மறைவுக்குப் பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தின் உதவியோடு 1994-இல் ஆராய்ச்சி நூலகமாயின. நாடக நோட்டீஸும் கல்யாணப் பத்திரிகையும்கூட (ஆமாம், அதேதான்!) அந்தச் சேகரிப்பில் உண்டு. பட்டியல் இருப்பதால் யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கிப் படிக்கலாம். குப்பைக்கும் ஆவணத்துக்கும் நடுவில் இருப்பது ஒரு பட்டியல்தான்.

"எல்லாம்தான் நெட்ல இருக்கே" என்பார்கள். நேற்று வேலை செய்த லிங்க் இன்று செத்துப்போவதைப் பார்க்காதவர் யார்? அச்சடித்த கேட்லாக்குக்கு சர்வரும் வேண்டாம், பாஸ்வேர்டும் வேண்டாம்.

மறைமலைநகரில் தினமும் ரயில் ஏறி இறங்குபவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், இந்த ஊருக்குப் பெயர் தந்தவரே பெரிய சேகரிப்பாளர் என்று? மறைமலையடிகள் தன் புத்தகங்கள் மக்களுக்குப் பயன்பட வேண்டும் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். 1958-இல் சென்னையில் அவர் பெயரில் நூலகம் வந்தது.

அரசு புதுசாக எதையும் வாங்க வேண்டாம். 2002-இல் வாங்கியதை வரிசை எண் போட்டு, படத்தோடு, ஒரு கேட்லாக்காக அச்சடிக்கட்டும். அதை முதலில் போய் வாங்கப்போவது இன்றைக்கு 'வெட்டி ஆபீஸர்' என்று பேர் எடுத்திருக்கிற இந்தக் கேட்லாக் பைத்தியங்கள்தான்.