அழிக்கும் டூலுக்கு எழுதும் குறிப்பு

2025 ஜூலையில் ஜேசன் லெம்கின் என்ற அமெரிக்கத் தொழில்முனைவர், ரெப்லிட் நிறுவனத்தின் ஏஐ ஏஜென்டை வைத்து ஒரு செயலி உருவாக்கிக்கொண்டிருந்தார். கேட்காமல் எதையும் மாற்றாதே என்று ஆங்கிலத்தின் பெரிய எழுத்துகளிலேயே திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். ஏஜென்ட் டேட்டாபேஸைத் துடைத்துப் போட்டது. 1,206 நிர்வாகிகளின் விவரமும், ஏறத்தாழ அதே அளவு நிறுவனங்களின் விவரமும் போயின. கேட்டபோது, இனி மீட்க வழியில்லை என்றது. அதுவும் தப்பு. லெம்கின் தானே முயன்று பார்த்தார், எல்லாம் திரும்பி வந்தது.

இயந்திரத்துக்குக் கிறுக்குப் பிடித்த கதையாக இதை எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கென்னவோ, ஏஜென்டின் கையில் எந்த டூல் இருந்தது, அதைப் பற்றி அதற்கு என்ன எழுதிக் கொடுத்திருந்தார்கள் என்று கேட்கத்தான் தோன்றுகிறது.

ஏஜென்டுக்கு ஒரு டூலைப் பற்றித் தெரிவது பெரும்பாலும் மூன்றே விஷயம்: பெயர், நாலைந்து வரி விளக்கம், என்னென்ன விவரம் கொடுக்க வேண்டும் என்ற பட்டியல். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட எம்சிபி என்ற பொது நெறிமுறையும் இப்படித்தான் இயங்குகிறது. பின்னால் அதில் ஒவ்வொரு டூலுக்கும் 'அழிக்கக்கூடியது' என்று குறியிடும் வசதி வந்தது. குறி எதுவும் இடாமல் விட்டால், அழிக்கும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். இதை எழுதியவர் உலகம் தெரிந்தவர். ஆனால் இது வெறும் குறிப்புதான், முன்பின் தெரியாத இடத்திலிருந்து வந்தால் நம்பாதே என்றும் அதே நெறிமுறை சொல்லிவிடுகிறது.

என் மனைவியின் தம்பி மகள் நாகர்கோவிலில் ஒரு சிறு மென்பொருள் அலுவலகத்தில் இருக்கிறாள். பழைய பதிவுகளை நீக்கும் டூல் ஒன்றுக்கு விளக்கம் எழுதும் வேலை அவளிடம் வந்தது. ஏற்கெனவே இருந்த வரைவைக் காட்டினாள்: தேவையற்ற தரவுகளை நீக்கி டேட்டாபேஸைச் சீராக்க உதவும். சோப்பு விளம்பரம் மாதிரி இருந்தது.

"இதுல என்ன போகும்னே இல்லியே?"

"அதாக்கும் மாமா பிரச்சினை. மனுசன்னா சந்தேகம் வந்து யார்ட்டயாவது கேப்பான். இது வாசிச்ச உடனே செஞ்சிரும்."

எங்கள் பக்கத்துப் பேச்சிப்பாறை அணையில் உபரிநீர் திறப்பதற்கு முன் கோதையாற்றின் கரையோரத்திலும் குழித்துறைப் பக்கமும் எச்சரிக்கை கொடுப்பார்கள். எந்த ஆறு, எத்தனை கனஅடி, யார் ஒதுங்க வேண்டும் என்று அதில் இருக்கும். டூல் விளக்கத்தில் நிலைமை கொஞ்சம் விபரீதம். அறிவிப்பை வாசிப்பது கரையில் இருக்கிறவன் இல்லை, ஷட்டரேதான். வாசித்துவிட்டுத் திறப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வதும் அதுவே.

அப்படியானால் எழுத்தில் எது இருந்தாக வேண்டும்? முதலில், எது போகும் என்பது. நிபந்தனை சொல்லாமல் டெலீட் என்ற கட்டளை கொடுத்தால் அட்டவணையில் உள்ள பதிவுகள் முழுக்கப் போகும். டிராப் கொடுத்தால் அட்டவணையே போகும். அடுத்தது, திரும்ப வருமா என்பது. இதற்கு எல்லா இடத்திலும் ஒரே பதில் கிடையாது. போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் டிரான்சாக்‌ஷனுக்குள் செய்த டிராப்பை, அது முடிவதற்குள் ரத்து செய்துவிடலாம். மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொன்றில் அது நடக்காது. லெம்கினின் ஏஜென்ட் தப்பாகச் சொன்னது இந்த இடத்தில்தான். எந்த நேரத்தில் இந்த டூலைத் தொடவே கூடாது என்பதையும் சேர்க்க வேண்டும். 'கவனமாகப் பயன்படுத்தவும்' என்ற வரியால் யாருக்கும் பயனில்லை.

மனிதர்களுக்காகப் போட்ட தடைகளும் இங்கே செல்லாது. நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் தளத்தில் ஒரு களஞ்சியத்தை நீக்க அதன் பெயரை முழுதாகத் தட்டச்சு செய்ய வேண்டும். விரல் நோகிற அந்தச் சில விநாடிகளில் நமக்குப் புத்தி வரும் என்பது கணக்கு. ஏஜென்டுக்கு ஏது விரல்? அமேசானின் டேட்டாபேஸ் சேவையில் உள்ள ஏற்பாடு எனக்கு இன்னும் பிடிக்கும். நீக்கத் தடை போட்டிருந்தால், யார் உத்தரவிட்டாலும் அந்த டேட்டாபேஸை நீக்க மாட்டேன் என்று மறுத்துவிடும். முதலில் தடையை எடுக்க வேண்டும். அந்த உரிமையை ஏஜென்டிடம் கொடுக்காமல் இருப்பது நம் பாடு.

சரியாக எழுதினால் மட்டும் போதும் என்று நான் சொல்ல வரவில்லை. லெம்கின் எழுதாததா? அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ரெப்லிட்டின் தலைவர் அம்ஜத் மசாத் மன்னிப்புக் கேட்டார். சோதனைக்கு ஒரு டேட்டாபேஸ், வாடிக்கையாளர் பயன்பாட்டுக்கு வேறொன்று என்று தானாகவே பிரித்து வைக்கும் ஏற்பாட்டையும் கொண்டுவந்தார். முதல் நாளே செய்திருக்க வேண்டியது. பேக்கப்பும் அப்படித்தான். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் பொறியாளர் ஒருவர் வேறு சர்வர் என்று நினைத்து சுமார் 300 ஜிபியை நீக்கிவிட்டார். ஏஐ எதுவும் பக்கத்தில் இல்லை. வழக்கமான பேக்கப் ஓடவே இல்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் போய்ச் சேராமல் கிடந்திருக்கின்றன.

நாகர்கோவிலில் மைத்துனன் மகள் தன் டூலுக்கு ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போனாள். நீளம் கூடுதல் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏஜென்ட் ஒவ்வொரு முறையும் அந்த விளக்கத்தை முழுக்க வாசிக்கும், வாசிக்கிற ஒவ்வொரு சொல்லுக்கும் காசு. அதனால் டூலின் சிறப்புகளைச் சொன்ன பத்தியை வெட்டினாள். எது போகும், திரும்பாது, மனிதரிடம் கேள் என்ற வரிகளை அப்படியே மேலே ஏற்றிவிட்டாள். நிஜ டேட்டாபேஸுக்கு வாசிக்க மட்டுமான அனுமதி போதும் என்று அவள் தனியாக எழுதிய மெயிலுக்கு இன்னும் பதில் வரவில்லையாம்.